நடவில் இறங்கிய மந்திரம்

துரைராசுவின் ரத்தக் கொதிப்பு வீட்டில் நூற்று ஐம்பத்தைந்து. பஸ் ஏறி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றால் நூற்று எழுபது. தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியின் மருந்து வாடை மூக்கில் ஏறியதும் நூற்றுத் தொண்ணூறு. நர்சுப்பெண் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் மிஷினே அரண்டுபோய், எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுகளைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று. இரண்டு தடவையும் பச்சைத் தொப்பி மாட்டி, புருவத்துக்கு மேலே மையால் அடையாளம் போட்டு, சொட்டு மருந்து விட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்து, கடைசியில் “போயிட்டு வாங்கய்யா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சாவித்திரிக்கு இதற்குமேல் பொறுமை இல்லை. போன மாதம்தான் மனுஷர் அவளை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு, மதகடியில் வானத்து வெளிச்சம் விழுந்து பளபளத்த வாய்க்கால் தண்ணீரைப் புதிதாய்ப் போட்ட சிமென்ட் ரோடு என்று நம்பி, ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே இறக்கியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் மளிகைப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்ற சாவித்திரியிடம், “ரோடு போட்டவன் சரியா போடல, அமுங்குது” என்று வேறு சொன்னார். வலது கண்ணில் புரை முத்திவிட்டது. இடது கண்ணும் அதன் பின்னாலேயே கிளம்பி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் அனிட்டா சின்ன வயசு. ஆனால் கண்டிப்பு.

“ஐயா, நூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் நான் கை வைப்பேன். அடுத்த வியாழக்கிழமை வாங்க. அதுக்கு மேல தள்ளிப்போட்டா புரை கல்லாயிடும், அப்புறம் பார்வைக்கே உத்தரவாதம் சொல்ல மாட்டேன். மாத்திரையை விடாதீங்க. உப்பைக் குறைங்க. தினம் இருபது நிமிஷம் அமைதியா உக்காருங்க.”

மாத்திரை சரி. உப்பும் சரி, சாவித்திரி வைத்த உப்பில்லா ரசத்தை நாய்கூட மோந்து பார்த்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தது. அமைதிதான் தகராறு. துரைராசு பேசினால் பாண்டவையாற்றுக்கு அக்கரையில் கொக்கு எழும்பும். அவர் ஊரான நெடும்பாலக்குடியில் செல்போன் கோபுரம் வைத்ததே தண்டம் என்று சொல்பவர்கள் உண்டு.

முதலில் மகள் பூர்ணிமா முயன்றாள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. அப்பா ஆபரேஷனுக்காகப் பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அங்கே காலையில் மூச்சைக் கவனித்து உட்காருகிற பழக்கம் அவளுக்கு.

“மூச்சை மாத்த வேணாம்ப்பா. உள்ள போறதையும் வெளிய வர்றதையும் சும்மா பாருங்க, அவ்ளோதான்.”

துரைராசு கண்ணை மூடினார். மூன்றாவது நிமிஷம் திறந்துவிட்டார்.

“பூர்ணிமா, வலது மூக்குல தண்ணி ஏறல. மொத்தப் பாசனமும் இடது மூக்குலதான் போவுது. உள்ள எங்கயோ மேடு தட்டியிருக்கு, தூர் வாரணும்.”

“சரிபண்ண வேணாம்ப்பா. பாத்தா போதும்.”

“அடைச்சிருக்குன்னு தெரிஞ்ச பிறகும் கரையில உக்காந்து வேடிக்கை பாக்கச் சொல்றியா? அதும் இல்லாம, நான் பாக்க ஆரம்பிச்சதும் அது வெக்கப்படுதும்மா. பொண்ணு பாக்கப் போன வீட்டுல அந்தப் பொண்ணு நடக்கிற மாதிரி தத்தித் தத்தி வருது.”

சாவித்திரி வீட்டு மிஷினின் பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபத்து நாலு.

அடுத்து வந்தவர் அவளுடைய அண்ணன் தியாகராசன். தஞ்சாவூரில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியார். பையன்கள் லகரம் பிசகினால் காதைத் திருகி லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் வரிசையாய் வரவழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு குருவிடம் மந்திர தீட்சை வாங்கி, மற்றவர்க்குக் கொடுக்கவும் அனுமதி பெற்றிருந்தார். தங்கை வீட்டுச் சாமி அறையில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, இருவர் தலைக்கும் சேர்த்துத் துண்டைப் போர்த்தி, காதில் மந்திரத்தைச் சொன்னார். முன்பாதி மூன்றெழுத்து, பின்பாதி மூன்றெழுத்து. என்ன எழுத்து என்று இங்கே அச்சடித்தால் வாத்தியார் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார், ஆகவே விட்டுவிடுவோம்.

“மாப்ள, உதடு அசையக்கூடாது. நாக்குகூட அசையக்கூடாது. மனசுக்குள்ள. வேற ஒரு காதுக்குத் தெரிஞ்சுதுன்னா அதோட வீரியம் போச்சு. புரியுதா?”

“புரியுது மச்சான்,” என்றார் துரைராசு. தெருவில் போன ஐஸ் வண்டிக்காரன் நின்று, “என்னங்கய்யா?” என்று கேட்டான்.

ஐப்பசி பிறந்து, தாளடி நடவு மும்முரமாக இருந்தது. விட்டு விட்டுத் தூறல். வீட்டுக்குள் உட்கார்ந்தால் உப்பில்லாத சாப்பாடு நினைவுக்கு வருகிறது என்று துரைராசு காலையில் வயல் வரப்பில் போய், சாக்கை விரித்துச் சம்மணம் போட்டார். அவரைப் பொறுத்தவரை மனசுக்குள்தான் சொன்னார். அது மூன்று வயல் தாண்டிக் கேட்டது. குரல் அத்தனை பெரிசாக இருந்ததால் முன்பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். நிறுத்தி, நெஞ்சு நிறைய இழுத்து, பிறகுதான் பின்பாதி.

சேற்றில் இருபத்திரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்ததோடு சரி. இரண்டாம் நாள் நடவுக் கோஷ்டித் தலைவி ராஜாத்திக்குப் பொறுக்கவில்லை. அவர் முன்பாதி சொல்லிவிட்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, குனிந்தபடியே பின்பாதியை அவள் எடுத்துக் கொடுத்தாள். துரைராசுவுக்குச் சுமை இறக்கியது போலிருந்தது. மூன்றாம் நாள் இருபத்திரண்டு பேரும் எடுத்தார்கள். அவர் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, நாற்று முடி பிரிகிற சத்தமும் விரல் சேற்றில் முங்குகிற சத்தமும் அதன்மேல் தாளம் கட்ட, குலவையும் சேர்ந்துகொண்டது. பத்தரை மணி டீ வருவதற்குள் ஒன்றரை மா நிலம் கூடுதலாக நட்டு முடித்து நிமிர்ந்தார்கள். நாரைகளே வரிசையாக நின்றதாக ஊரில் பேச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் முன்னேற்றத்தைச் சோதிக்கத் தியாகராசன் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். காற்றில் மிதந்து வந்தது அவருடைய ரகசிய மந்திரம், குலவையோடு. கண்டக்டர் விசிலடித்தும் அவர் நகரவில்லை. பஸ்தான் அவரை விட்டு நகர்ந்தது.

சாவித்திரி டீத் தூக்கோடும் போண்டாக் கூடையோடும் வரப்புக்கு வந்தபோது அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றோரம் நின்றுகொண்டிருந்தார்.

“சாவித்திரி! செத்துப்போச்சும்மா. மந்திரம் செத்துப்போச்சு.”

“யாருண்ணே செத்தது?” என்று திடுக்கிட்டுத் திரும்பினாள் ராஜாத்தி.

“நீங்கதான் கொன்னீங்க! மந்திரங்கறது விதை மாதிரி. மூடி வச்சாத்தான் முளைக்கும்.”

ராஜாத்தி சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டுப் போண்டாவை எடுத்துக்கொண்டாள். “மூட்டையிலயே வச்சிருந்தா எலிதாண்ணே திங்கும். நாங்க நட்டுட்டோம்.”

மற்ற இருபத்தொரு பேரும் சிரித்தார்கள். எதிர் வயல்காரர் பெரியநாயகசாமி தன் வரப்பிலிருந்து தாண்டி வந்தார். துரைராசுவுக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி. போண்டா வாசனைக்கு ஊர் எல்லையிலிருந்தே வருகிறவர்.

“என்ன வாத்தியாரே, காலங்காத்தால சாபமா?”

“நீங்களே சொல்லுங்க சாமி. மந்திரம் வேலை செய்யறது ஒலியால. எழுத்து ஒவ்வொண்ணும் உடம்புல ஒரு இடத்தைத் தொடும். அர்த்தம்கூட வேணாம், உச்சரிப்புதான் உயிர். இந்தப் பொம்பளைங்க ரெண்டாம் எழுத்தை இழுக்குற இழுப்புல அது ஊர் எல்லையைத் தாண்டிப் போயிடுச்சு!”

வரப்பில் குந்தியிருந்த பூர்ணிமா வாயைத் துடைத்துக்கொண்டாள். “எழுத்துல ஒண்ணும் இல்ல மாமா. மனசுக்குப் பிடிச்சுக்க ஒரு முளை வேணும். மாட்டை அவுத்து விட்டா ஊர் மேயும்; முளைக்குச்சியில கட்டுனா அந்த வட்டத்துக்குள்ள மேயும். மந்திரம் ஒரு முளை, மூச்சு ஒரு முளை. எதுல கட்டுனாலும் ஒண்ணுதான்.”

“மூச்சும் மந்திரமும் ஒண்ணா? மூச்சு நாய்க்கும்தான் இருக்கு!”

“அதான் மாமா, நாய் நிம்மதியா தூங்குது. நீங்கதான் ரெண்டு மாத்திரை போட்டுட்டுத் தூங்குறீங்க.”

“சாவித்திரி, உன் பொண்ணைக் கண்டி.”

“மாத்திரை ரெண்டா? ஒண்ணுன்னுல்ல சொன்னீங்க?” என்றாள் சாவித்திரி.

பெரியநாயகசாமி இரண்டாவது போண்டாவைப் பிட்டார். “நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் இதை ஏதோ பம்புசெட் மாதிரி, எந்தக் கம்பெனி நல்லா இறைக்கும்னு பேசுறீங்க. நாங்க மாதா கோயில்ல செபமாலை சொல்றப்ப மனசை அடக்குறதுக்குச் சொல்றதில்ல. ஒருத்தர்கிட்ட பேசுறோம். மனசு அடங்குறது கொசுறு.”

“அப்ப அம்பத்து மூணு தடவை ஒரே வார்த்தையை ஏங்க சொல்றீங்க? ஒருதடவை சொன்னா அவங்களுக்குக் கேக்காதா?” என்றாள் ராஜாத்தி.

“அவங்களுக்கு ஒருதடவையே போதும் ராஜாத்தி. நமக்குத்தான் அம்பத்தி மூணாவது தடவை சொல்றப்பதான் வாய் சொல்றது காதுல விழுது.” போண்டாவை மென்று முழுங்கினார். “அதும் இல்லாம, கோயில்ல ஒரு பாதியை ஒருத்தர் சொல்லுவாரு, மறுபாதியை நாங்க எல்லாரும் சொல்லுவோம். அவரு சொல்ற நேரம் எங்களுக்கு மூச்சு வாங்கிக்கலாம், நாங்க சொல்ற நேரம் அவரு வாங்கிக்கலாம். தனியா சொன்னா நானும் பாதியில தூங்கிடுவேன். இந்தப் பய துரைக்கு இன்னிக்கு நடந்தது அதுதான்.”

“நடுற கைக்கும் அதே கணக்குதாண்ணே,” என்றாள் ராஜாத்தி. “முன்பாதியில முடி பிரிப்போம், பின்பாதியில ஊனுவோம். இடுப்பு வலி நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சுது. மனசு எங்க இருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு ஆளு அங்க இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விளங்க வைக்கத் தியாகராசனின் குரு மூன்று நாள் முகாம் நடத்தியிருந்தார்.

சாவித்திரி எந்தக் கட்சியிலும் இல்லை. அவளுக்கு மிஷின் சொன்னால் சரி. போண்டாக் கூடைக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். ராஜாத்தியின் ஈரக் கையில் முதலில் சுற்றினாள்: நூற்றுப் பதினெட்டு. “புதுப் பொண்ணு மாதிரி இருக்குடி உனக்கு!” என்று கூச்சல். பெரியநாயகசாமிக்கு நூற்று நாற்பது. மூன்றாவது போண்டாவின் எண்ணெய் அது என்று தீர்ப்பாயிற்று. பூர்ணிமாவுக்கு நூற்றுப் பத்து. தியாகராசன் கையை நீட்ட மறுத்தார், பிறகு நீட்டினார். நூற்று அறுபத்தெட்டு.

“இது இப்ப வந்த கோவத்துக்கு,” என்றார் அவர்.

கடைசியில் துரைராசு. நடவு மறுபடி தொடங்க, அவர் முன்பாதி, வயல் பின்பாதி. இருபது நிமிஷம். அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கி, ஒரு கட்டத்தில் பக்கத்து வயலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஆகி, பிறகு மனுஷக் குரல் ஆயிற்று. முப்பத்தொன்பது வருஷத்தில் சாவித்திரி அந்தக் குரலைக் கேட்டதில்லை. யாரோ விருந்தாளி வந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். பட்டையைச் சுற்றினாள்.

நூற்று முப்பத்தாறு.

தூறலில் மிஷின் நனைவதைக்கூடக் கவனிக்காமல் அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் வியாழக்கிழமை இருபத்திரண்டு பேரையும் தஞ்சாவூருக்கு ஏற்றிப் போக முடியாது. அன்றைக்குப் பெரியநாயகசாமி வயலில் நடவு. “நான் வேணா தள்ளி வச்சுக்கறேன், துரை கண்ணு முக்கியம்” என்று அவர் சொன்னார். ராஜாத்தி ஒத்துக்கொள்ளவில்லை. “நாத்துக்கு இப்பவே வயசு தாண்டிக்கிட்டு இருக்கு சாமி. இன்னும் ரெண்டு நாள் போனா கதிரு பாதிதான் வரும். அண்ணனுக்கு வேற வழி பாருங்க.” பூர்ணிமா செல்போனில் அவர்கள் குரலைப் பதிவு செய்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பச்சைத் தொப்பி, மை அடையாளம், சொட்டு மருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தது. காத்திருப்புப் பெஞ்சில் துரைராசு காதில் செல்போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு பக்கம் சாவித்திரி, பூர்ணிமா. எதிரே, ‘செத்த மந்திரம் என்ன செய்கிறது பார்ப்போம்’ என்று வந்திருந்த தியாகராசன். நர்சுப்பெண் பட்டையைச் சுற்றினாள்.

“நூத்தி எழுபத்தாறு. ஐயா, என்னய்யா இது?”

துரைராசு செல்போனைக் காதிலிருந்து பிடுங்கினார். “இதுல இருக்கவங்க எனக்காக நிக்க மாட்டேங்கறாங்கம்மா. நான் மூச்சு வாங்குறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுறாங்க. இருபத்திரண்டு பேரு பின்னால ஓடுனா கொதிக்காம என்ன செய்யும்?”

“இன்னும் கால் மணி நேரம் தர்றேன். டாக்டர் தியேட்டருக்குள்ள போயிட்டாங்க. அதுக்குள்ள இறங்கலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க.”

“மூச்சைப் பாருங்கப்பா,” என்றாள் பூர்ணிமா. “உதட்டை அசைக்காம சொல்லுங்க மாப்ள,” என்றார் தியாகராசன். “ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்று துரைராசு போட்ட சத்தத்தில் மருந்துக் கவுண்டரில் ஒருவர் சில்லறையைக் கீழே போட்டார். சாவித்திரி புருஷன் கையைப் பார்த்தாள். முழங்கைக்குள் நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் திரும்பினால் அந்தக் கண் கல்லாகிவிடும். வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷரை ஆயுசுக்கும் கையைப் பிடித்து நடத்த வேண்டும். நடத்தலாம், அது கஷ்டமில்லை. வழிநெடுக அவர் பேசிக்கொண்டு வருவாரே!

“நீங்க சொல்லுங்க,” என்றாள்.

“என்னத்த?”

“முன்பாதிய.”

துரைராசு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அதாவது, அவள் இருந்த திசையைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பாதி சொன்னால் அவள் மறுபாதியை எதிராகத்தான் சொல்லியிருக்கிறாள். சந்தேகத்தோடு ஆரம்பித்தார்.

அவள் பதில் சொன்னாள். முதல் தடவை குரல் வெட்கத்தில் பாதி வந்தது. இரண்டாம் தடவை முழுசாய் வந்தது. அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றாள். வாங்கி முடித்ததும் அவர் எடுத்தார். பூர்ணிமா சேர்ந்துகொண்டாள். பக்கத்துப் பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த வேதாரண்யத்து உப்பளக்காரர், “இது என்ன ஊர்ப் பாட்டு தாயி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானும் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். அந்த வரிசையில் ஆபரேஷனுக்கு ஒன்பது கண்கள் காத்திருந்தன. கால் மணி நேரத்தில் ஒன்பதுக்கும் உரியவர்கள் தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தார்கள்.

நர்சுப்பெண் இரண்டு தடவை பார்த்தாள். மிஷினைத் தட்டிவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

“நூத்தி நாப்பத்தாறு. வாங்கய்யா, வாங்க, ஏறறதுக்குள்ள ஓடியாங்க!”

கதவு அவரை விழுங்கிற்று. சாவித்திரி வாசலுக்கு நேரே நின்றாள். நாலைந்து நிமிஷம் சத்தமில்லை. பிறகு உள்ளேயிருந்து, இரண்டு கதவுகளையும் துளைத்துக்கொண்டு, முன்பாதி வெடித்தது. தஞ்சாவூர் முழுக்கக் கேட்டிருக்கும். கொதிப்பு உள்ளே ஏறப் போகிறது. பதில் கிடைக்காவிட்டால் ஏறிவிடும். சாவித்திரி வெளியிலிருந்தே பின்பாதியை எடுக்க வாயைத் திறந்தாள்.

உள்ளே டாக்டர் அனிட்டாவின் குரல் கேட்டது.

“ஐயா! தலை ஆடுது. நான் கண்ணுல வேலை செய்யறேன், நீங்க வாயைத் திறக்கவே கூடாது. உதடுகூட அசையக்கூடாது. வெளிய நீங்க எல்லாரும் சொன்னது இங்க கேட்டுச்சு, அந்த முன்பாதிய நானே சொல்றேன். மறுபாதிய நீங்க மனசுக்குள்ள சொல்லுங்க. சரியா? சரின்னும் சொல்லாதீங்க.”

எதையோ எடுத்துக்கொண்டு வெளியே வந்த ஆயாம்மா கதவை முழுக்கச் சாத்தாமல் போனாள். அந்த இடுக்கு வழியே டாக்டரம்மாவின் குரல் வந்தது: மூன்றெழுத்து. நிதானமாக, வேலையில் கண் வைத்தபடி சொல்கிற குரல். பிறகு நிசப்தம். துரைராசு உள்ளே இருக்கும்போது அப்படியொரு நிசப்தத்தை எந்தக் கட்டடமும் கண்டதில்லை. அந்த நிசப்தம் எவ்வளவு நீளம் என்று சாவித்திரிக்குத் தெரியும். சரியாய் அவர் சொல்லி முடிக்கிற நீளம். மறுபடி டாக்டரம்மாவின் மூன்றெழுத்து. மறுபடி நிசப்தம். அவள் திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு, பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தியாகராசன் காதைக் கதவுப் பக்கமாய்ச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு எழுத்தையும் தராசில் வைக்கிறவர் போல முகம் இறுகியிருந்தது. ஏழெட்டு தடவை கேட்டபின் மெதுவாய்த் தங்கை பக்கம் குனிந்தார்.

“அந்தம்மாகிட்ட சொல்லு சாவித்திரி,” என்றார். “ரெண்டாவது எழுத்து இவ்வளவு சுத்தமா இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வந்ததில்ல. எனக்கே வந்ததில்ல.”